பெரியம்மா சொன்ன மார்க்

எங்கள் தெருவில் பரீட்சை ரிசல்ட் வந்தால் யாரும் தங்கள் பிள்ளையின் மார்க்கைத் தாங்களே சொல்லிக்கொள்வதில்லை. அதற்கென்று பெரியம்மா இருந்தாள். எனக்குச் சொந்தப் பெரியம்மா இல்லை. பக்கத்து வீடு. அம்மா அவளை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா. பிறகு தெருவிலிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் பெரியம்மா. தென்காசியில் பெரிய கோயிலுக்கு வடக்கே இருந்த அந்தச் சின்னத் தெருவின் குழாயடியில், குடம் நிரம்புகிற நேரத்துக்குள் எல்லார் வீட்டு மார்க்கையும் சொல்லி முடித்துவிடுவாள்.

ஆனால் வந்த மார்க்கை வந்தபடி சொல்ல மாட்டாள். பையன் என்றால் கூட்டுவாள். பெண் என்றால் குறைப்பாள். இதில் தன் பிள்ளை, பிறத்தியார் பிள்ளை என்ற பேதமே அவளுக்குக் கிடையாது. ஆகாதவர்கள் வீட்டுப் பையனாக இருந்தாலும் கூட்டித்தான் சொல்லுவாள். அந்த நேர்மையை யாரும் குறை சொல்ல முடியாது.

“பொட்டப்பிள்ள மார்க்கும் பால்சட்டியும் மூடித்தான்ட்டி இருக்கணும். தொறந்து வச்சா பூனை வாய் வச்சிரும்” என்பாள்.

“பூனை யாரு பெரியம்மா?” என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன்.

“கெட்டிக்கிடப் போறவனோட அம்மைக்காரி” என்றாள்.

பையன்களுக்கு வேறு நியாயம். “ஆம்பளப் பயலுக்கு மார்க்கு மீசை மாதிரி. கொஞ்சம் மை தடவிக்கிட்டா தப்பில்ல.”

குள்ளமாக, உருண்டையாக இருப்பாள். நடை மட்டும் ஓட்டம். பெரியப்பாவின் பெரிய செருப்பைத்தான் எப்போதும் போட்டுக்கொண்டு திரிவாள். அது தரையில் அடிக்கிற சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே, யாருக்கோ ஏதோ ரிசல்ட் வந்துவிட்டது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். பெரியப்பாவுக்குக் குற்றாலத்தில் சிப்ஸ் கடை. சாரல் தொடங்கிவிட்டால் பெரியம்மாவும் அங்கே போய் நேந்திரங்காய் சீவ உட்கார்ந்துவிடுவாள். ரிசல்ட் எல்லாம் சீசனுக்கு முன்னாலேயே வந்துவிடுவதால் தெருவுக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை.

மார்க்கை மட்டும் திருத்தினால் பரவாயில்லை. காரணத்தையும் அவளே சொல்லுவாள். ஒரு பெண் நல்ல மார்க் வாங்கி, அதை எவ்வளவு குறைத்தும் மறைக்க முடியாமல் போனால், “பாவம், ராப்பகலா உருப்போட்டிருக்கு” என்பாள். பாவம் என்ற சொல் கட்டாயம் உண்டு. ஒரு பையன் ஃபெயிலாகி, எவ்வளவு கூட்டியும் தேறாமல் போனால், “மூளை இருக்கு. சவம், உக்காந்து படிக்கத்தான் மாட்டேங்கான்” என்பாள். அவள் கணக்குப்படி எங்கள் தெருவில் மூளை உள்ள ஒருவனும் பாஸாகவில்லை. பாஸான ஒருத்திக்கும் மூளை இல்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் கேட்டுவிட்டேன். “படிச்சுப் பாஸாகுதவளுக்கு மூளை இல்ல, படிக்காம ஃபெயிலாகுதவனுக்கு இருக்குன்னா, மூளைய வச்சு என்னதான் செய்யது பெரியம்மா?”

குடத்தை இடுப்பில் ஏற்றியபடி யோசித்தாள். அவளிடம் அது ஒரு நல்ல குணம், கேள்வி கேட்டால் அடிக்க வரமாட்டாள், யோசிப்பாள். “வச்சிருக்கதுதான். பீரோவுல நகை வச்சிருக்கோம். தெனமுமா எடுத்துப் போடுதோம்?” என்றாள்.

அந்த பீரோ நகையால் சீரழிந்தது அவள் மகன். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் அவன் பாஸ் மார்க்குக்குக் கீழே நின்றபோது, பேப்பர் திருத்தியவர் அவசரத்தில் ஒரு பக்கத்தைக் கூட்டாமல் விட்டுவிட்டார் என்று குழாயடியில் தீர்ப்பானது. மறுகூட்டலுக்குப் போட்டார்கள். இருந்த மார்க்கிலும் கொஞ்சம் குறைந்து வந்தது. “பாத்தியா, மறுபடியும் அவங்கிட்டயே குடுத்துட்டானுவ” என்றாள் பெரியம்மா. பிறகு எப்படியோ தேறி, மூளைக்காரன் என்பதால் என்ஜினீயரிங் சேர்ந்து, செமஸ்டருக்கு செமஸ்டர் அரியர் வைத்தான். புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தால் மூளை இல்லை என்று ஆகிவிடும். அதனால் கடைசிவரை உட்காரவே இல்லை. இப்போது பெரியப்பாவின் சிப்ஸ் கடையை அவன்தான் பார்க்கிறான். நன்றாகவே பார்க்கிறான். “எனக்கு மூளை இருக்கு மூளை இருக்குன்னே சொல்லி, ஒரு பாடத்தக்கூட படிக்க விடல எங்கம்மா” என்று ஒருமுறை எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே சொன்னான்.

அண்ணனுக்கு மூத்தவள் அக்கா. அவளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராது.

அக்காவின் பிளஸ் டூ கணக்கு மார்க் எவ்வளவு என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. பெரியம்மா குழாயடியில் “ஏதோ பாஸ்” என்றாள். வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடமும் அதையே சொன்னாள். அவர் கடைக்கு எண்ணெய் டின் ஏற்றிக்கொண்டிருந்தார். “ஏதோ பாஸுக்குக் காலேஜ் எதுக்கு?” என்று கேட்டார். மார்க் ஷீட்டைக் கொண்டா என்று அவர் கேட்கவில்லை, அக்காவும் கொண்டுபோய்க் காட்டவில்லை. ஆவணியில் கடையத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கல்யாணமாகிப் போய்விட்டாள். அழுகை, ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. நீ வாங்கியதெல்லாம் உருப்போட்டது என்று நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவள் எதை வைத்துச் சண்டை போடுவாள்? பெரியம்மா “ஏதோ பாஸ்” என்று சொன்னால் ஒரு பெண்ணின் படிப்பு அத்தோடு முடிந்தது என்பதை நான் பாவாடை சட்டை வயதிலேயே அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

தெரு விழித்துக்கொண்டது சில வருஷங்கள் கழித்து. தபால்காரர் மகளையும் பெரியம்மா “ஏதோ பாஸ்” என்று சொல்லியிருந்தாள். பள்ளி ஆண்டு விழாவில் அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டுப் பள்ளியிலேயே முதல் மாணவி என்று கேடயம் கொடுத்தார்கள். கீழே உட்கார்ந்திருந்த எங்கள் தெரு மொத்தமும் திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தது. “ஏதோ குடுக்காவ. பிள்ள வாங்கிக்கிடட்டும்” என்றாள் அவள்.

அன்றிலிருந்து தெரு திருப்பிக் கணக்குப் போட ஆரம்பித்தது. பெண்ணை “சுமார்” என்று பெரியம்மா சொன்னால் நல்ல மார்க். “ஏதோ பாஸ்” என்றால் பள்ளி முதல். பையனை “நல்ல மார்க்” என்றால் தப்பித்துவிட்டான். “பிரமாதம்” என்றால் உடனே மறுதேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். இது பெரியம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவள் பாட்டுக்குக் குறைத்துக்கொண்டிருந்தாள், தெரு பாட்டுக்குக் கூட்டிக்கொண்டிருந்தது. உண்மையான மார்க் எப்படியோ ஊருக்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் என் ரிசல்ட் வந்தது.

என் அப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் சொன்னார். “நல்ல மார்க் வந்தா காலேஜ். இல்லன்னா மாப்பிள்ளை. பொறவு என்கிட்ட அழக்கூடாது.” எனக்குக் கணக்கின் மேல் அப்போது பெரிய பாசம் எதுவும் இல்லை. காலையில் திருநெல்வேலி ரயிலில் ஏறிக் காலேஜுக்குப் போகிற பெண்களைப் பார்த்து ஆசை. அக்காவைப் போல ஆவணியில் தாலி கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்ற பயம். ஆனால் ஆசைக்கும் பயத்துக்கும் மார்க் போடுவதில்லையே. கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்திருந்தது. மற்றதெல்லாம் அதற்குத் தக்கபடிதான். அப்பா போனில் பார்த்தார். “சரி” என்றார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நான் பாயில் கவிழ்ந்து படுத்து அழுதேன்.

செருப்புச் சத்தம் கேட்டது. பெரியம்மா வந்தாள். அம்மா மார்க்கைச் சொன்னாள். பெரியம்மா திகைத்துப்போய் நின்றாள். “இதுல எங்கட்டி குறைக்க?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவ்வளவு அழுகையிலும் எனக்குக் கோபமாக வந்தது.

மறுநாள் காலை குழாயடியில் என் மார்க் வெளியானது. வேறு வழியில்லாமல், பெரியம்மா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெண்ணின் மார்க்கை உள்ளது உள்ளபடி சொன்னாள்.

“ஏதோ பாஸ்” என்றாள்.

சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வரும்போது கையில் ஒரு பார்சல். பலசரக்குக் கடைக்காரர் காசு வாங்காமல் கொடுத்த அல்வா. அப்பாவின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நடந்ததை அம்மாவிடம் அவர் சொல்ல, நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“அண்ணாச்சி, மவ பள்ளிக்கூடத்துலயே ஃபர்ஸ்ட்டாமே” என்று அந்தக் கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

“அதெல்லாம் இல்ல. ஏதோ பாஸ்தான்.”

“அதத்தான் குழாயடியிலயும் சொன்னாவளாம். தெரியும் தெரியும்.”

“நெசமாத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி. கணக்குல பாதிதான்.”

“நீரே பாதின்னு சொல்லுதீரா? அப்ப முழுசுதான்.”

அப்பா போனை எடுத்து நீட்டியிருக்கிறார். கடைக்காரர் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்துவிட்டு, “இந்தக் காலத்துல போன்ல என்னவும் எழுதலாம். கண்ணு பட்டுரும்னு நினைக்கீரு. நினைக்கது சரிதான்” என்று சொல்லி அல்வாவைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அப்பா மறுக்க மறுக்க என் மார்க் ஏறிக்கொண்டே போனது. அந்த வாரக் கடைசியில் நான் மாவட்டத்திலேயே முதல் என்று ஆகியிருந்தேன். அப்பா பேசுவதை நிறுத்தியதால்தான் மாநில அளவுக்குப் போகவில்லை.

இந்தக் கூத்து எதுவும் தெரியாமல் பெரியம்மா எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். சிவகிரிப் பக்கத்துப் பையன். போலீஸ் வேலை. பெண் பார்க்கிற மாதிரி இருக்கக்கூடாது, அருவிக்குக் குளிக்க வந்த மாதிரி இருக்க வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் பேசி, ஆனிச் சாரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் கூடினோம். அப்பாவும் மாப்பிள்ளையும் ஆண்கள் பக்கம் போனார்கள். அங்கே தண்ணீர் தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்தில் அதில் பாதிகூட இல்லை. இருந்த தண்ணீருக்கு நாங்கள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றோம். பூனை என்று பெரியம்மா சின்ன வயதில் எனக்குச் சொன்ன ஆள் இப்போது எனக்கு இடப்பக்கம் மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா.

பெரியம்மா என் தலைக்கு மேலாக அவளிடம் சத்தம் போட்டுச் சொன்னாள். “பிள்ள நல்ல பிள்ள மைனி. படிப்புதான் சுமார். கணக்கு சுத்தமா வராது.”

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க நாத்தனா உங்க தெருவுலதான் வாக்கப்பட்டிருக்கா. உங்க தெருவுல வராதுன்னா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியாதா?”

“ஐயோ மைனி, இது நெசமாவே வராது.”

“எம்மவன் பிளஸ் டூவுல கணக்க ரெண்டு தடவ எழுதுனவன். அவனுக்குப் போயி ஃபர்ஸ்ட் மார்க் வாங்குன பிள்ளையக் கெட்டி வச்சா, நாளைக்கு அவன் ஒண்ணு சொல்லுதது, இவ ஒண்ணு சொல்லுததுன்னு ஆகும்.”

“அருவித் தண்ணிக்குள்ள நின்னு சொல்லுதேன். சத்தியமா ஏதோ பாஸ்தான்.”

“சத்தியம் பண்ணி மறைக்கணும்னா எம்புட்டு மார்க்கா இருக்கும்” என்றாள் அந்த அம்மாள், பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண்ணைப் பார்த்து. அந்தப் பெண்ணும் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினாள். எனக்குக் கணக்கு வராது என்று நானே வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். வாயை மூடிக்கொண்டு அருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டேன். அப்பா வாங்கிக் கொடுத்த புரோட்டாவையும் நாட்டுக்கோழியையும் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று வேனில் ஏறிப் போனார்கள். சொல்லி அனுப்பவில்லை.

திரும்பி வரும் ஆட்டோவில் பெரியம்மா ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். “பொட்டப்பிள்ள மார்க்க உள்ளபடி சொன்னது இதாம்மா மொதத் தடவ” என்று அம்மாவிடம் சொன்னாள். “ஒருத்தி நம்புதாளா பாரேன்.”

அதற்குப் பிறகும் இரண்டு இடம் அப்படியே தட்டிப்போனது. அப்பா ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, “இனி இவளக் காலேஜ்ல சேக்காட்டா ஊருல என்னைக் கஞ்சப்பயம்பானுவ” என்றார். சேர்ப்பது என்று ஆன பிறகு கணக்கைத் தவிர வேறு எதில் சேர்ப்பது? திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் கணக்குக்கு இடம் காலியாக இருந்தது. நான் ரயில் ஏறினேன். ஆசைப்பட்டது கிடைத்த சந்தோஷத்தில், கிடைத்தது கணக்கு என்பதைப் பாவூர்சத்திரம் தாண்டிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

தெருப்பிள்ளைகள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்தார்கள். மாவட்டத்திலேயே முதல் வந்தவளிடம் வராமல் வேறு யாரிடம் போவார்கள்? எனக்கு ஒன்றும் ஓடாது. “வச்சிட்டுப் போங்க, நாளைக்குச் சொல்லுதேன்” என்பேன். நல்லவேளை, அப்போது அக்கா இரண்டாவது பிள்ளைப்பேறுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குழந்தையைப் பார்க்கிற சாக்கில் கணக்கோடு போய் நிற்பேன். அக்கா தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே கணக்கைப் பார்ப்பாள். “இத ரெண்டா பிரிச்சிக்கோ. மேல உள்ளதத் தூக்கிக் கீழ போடு. இப்பம் பாரு” என்பாள். பார்த்தால் விடை வந்திருக்கும்.

“அக்கா, உங்களுக்கு எப்படி இதெல்லாம் வருது?”

“வருது என்னத்த வருது. அன்னைக்கு உருப்போட்டது. மறந்து தொலைய மாட்டேங்கு.”

“இது புதுப் பாடம்க்கா. நீங்க படிக்கும்போது இந்தக் கணக்கே கிடையாது. இல்லாத கணக்க எப்படி உருப்போட்டீங்க?”

அக்கா சிரித்தாள். குழந்தை அழுதது. எழுந்து போய்விட்டாள்.

அந்தக் குழந்தைக்குப் பல் முளைத்து அக்கா கடையத்துக்குத் திரும்பிப் போவதற்குள் எனக்கும் கணக்கு பிடிபட்டுவிட்டது. ஒரு தெருவே சேர்ந்து புலி என்று சொல்லும்போது பூனையாகவே இருப்பது ரொம்பக் கஷ்டம். எம்.எஸ்சி. முடித்தேன். பி.எட். முடித்தேன். இப்போது வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு விசேஷமான மூளை எதுவும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். இவளால் முடியும் என்று ஊர் தப்பாக நம்பியது, அந்த நம்பிக்கையில் நான் குடியேறிவிட்டேன், அவ்வளவுதான். நிஜமாகவே மூளை இருந்தவளை யாரும் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

அக்காவைச் சும்மா விடவில்லை. கடையத்தில் சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுங்கள் என்று போனில் ஓயாமல் சொல்லுவேன். “நல்லா இருக்கே. எனக்கென்ன மூளையா இருக்கு? சும்மா உருப்போட்டது” என்று ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். குரல்கூடப் பெரியம்மாவின் குரல் மாதிரியே இருக்கும்.

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மாவுக்கு இப்போது மூட்டுவலி. செருப்புச் சத்தம் மெதுவாகத்தான் வருகிறது. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, என்ன மன்னிச்சிரு” என்றாள்.

“எதுக்கு பெரியம்மா?”

“அம்புட்டு மார்க் வாங்கிருந்த. நான்தான் குழாயடியில போயி ஏதோ பாஸ்னு குறைச்சுச் சொல்லிட்டேன். அதையும் மீறி நீ வந்துட்ட.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெரு சொல்லிச் சொல்லிக் கடைசியில் பெரியம்மாவும் நம்பிவிட்டாள். அவள் வாழ்நாளில் சொன்ன ஒரே ஒரு உண்மைக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா, நீங்க எனக்குக் குறைக்கவே இல்ல. நான் வாங்குனதே அவ்வளவுதான்.”

“என் மனசு வருத்தப்படக் கூடாதுன்னு சொல்லுத.”

“இல்ல பெரியம்மா. குறைச்சது அக்காவுக்கு. அவங்ககிட்டக் கேக்க வேண்டியத என்கிட்டக் கேக்குறீங்க.”

சொன்ன பிறகு, கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று இருந்தது. பெரியம்மா என் கையை விட்டுவிட்டாள். வழக்கம்போல யோசித்தாள். “கடையத்துக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?” என்று கேட்டாள்.

இரண்டு பேரும் போனோம். அக்கா வாசலில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி வைத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். காபி கொடுத்தாள். நான் வழக்கமான டியூஷன் பேச்சை எடுத்தேன். அக்கா வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தாள்.

“உருப்போட்டது இல்லட்டி” என்றாள் பெரியம்மா. “உனக்கு மூளை. நம்ம தெருவுலயே உனக்குத்தான் மூளை.”

அக்கா வெங்காயத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

“நான் என்ன ஆம்பளப் பயலாம்மா, கூட்டிச் சொல்லுததுக்கு?”

பெரியம்மா சிரிக்கவில்லை. “இருநூறுக்கு நூத்தித் தொண்ணூத்தி ஒம்பது. ஒண்ணுதான் போச்சு” என்றாள்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் அன்றுதான் தெரியும். பெரியம்மா இத்தனை வருஷமும் அந்த மார்க்கை யாரிடமும் சொல்லாமல், மறக்கவும் முடியாமல் வைத்திருந்திருக்கிறாள்.

“அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லாம்மா” என்றாள் அக்கா.

பெரியம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டாள். “ஏ தாயி, எம்மவ பிளஸ் டூவுல கணக்குல எவ்வளவு தெரியுமா?” என்று தொடங்கி, ஒன்றைக் கூட்டாமல், ஒன்றைக் குறைக்காமல், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

கடையத்தில் பெரியம்மாவின் கணக்கு யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் கேட்டதை அப்படியே நம்பினாள்.

“அட, எதிர்த்த வீட்டுலயே இருந்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலியே மைனி” என்று கீரையை அப்படியே போட்டுவிட்டு அக்காவிடம் வந்தாள். “எம்மவளுக்குக் கணக்கு வராதுன்னு டீச்சரே சொல்லிட்டாவ. நாங்களும் சரின்னு விட்டுட்டோம்.”

அக்கா வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“வராதுன்னு யாரு சொன்னா? சாயங்காலம் அனுப்புங்க” என்றாள்.